மருத்துவரின் மூக்கு

என் கணவர் ஒக்தாவுக்கு மூக்கு நன்றாக வரும். பாரீஸில் அவரிடம் மூக்கு நீளாமல் தப்பிய மந்திரி கிடையாது. வாரப் பத்திரிகைக்கான கேலிப்படங்களை அவர் பென்சிலில் போடுவார். மேலே மை போடுவது நான். சிரித்துச் சிரித்து நான் மை கொட்டிய மேசைவிரிப்புகள் ஏராளம்.

எங்கள் மகள் ஒதெத் தொண்டை அடைப்பானில் போனாள். அந்தக் காய்ச்சலிலும் அப்பா வரைந்த மருத்துவர் மூக்கைப் பார்த்துச் சிரித்தவள். அதன்பின் அவர் கேலிப்படங்களை விட்டுவிட்டு ஒரே ஓவியத்தின் முன் உட்கார்ந்தார்: மகளின் கடைசிப் படுக்கை, பக்கத்தில் நாடி பிடிக்கும் மருத்துவர். நல்ல ஓவியம்தான். வீட்டில்தான் யாரும் சிரிக்கவில்லை.

"இது ஜெயிச்சா இனிமே மூக்கே கிடையாது, லெயோனி" என்றார்.

பாரீஸின் வசந்தகால ஓவியக் கண்காட்சியில் அந்தப் படத்துக்கும் இடம் கிடைத்தது. அது திறப்பதற்கு முந்தைய நாள், ஓவியர்கள் ஏணி போட்டுக் கடைசித் திருத்தம் செய்வார்கள். காலையில் அவர் மருத்துவரின் முகத்தைக் கொஞ்சம் தொட்டார். பிறகு நண்பர்கள் அவரை விருந்துக்கு இழுத்துப் போனார்கள்.

ஏணி அங்கேயே இருந்தது, நானும்தான். வண்ணமும் காயவில்லை. என் குழந்தையின் முன் ஊரே வந்து அழ வேண்டுமா? தூரிகையை எடுத்து மருத்துவரின் மூக்கை இழுத்துவிட்டேன், உதட்டோரத்தைச் சற்றுத் தூக்கினேன். அவர் கோடு என் கைக்குத் தெரியாததா? அவர் திரும்புவதற்குள் மண்டபத்தை மூடிவிட்டார்கள்.

மறுநாள் பாரீஸே சிரித்தது. வாரப் பத்திரிகை ஆசிரியர் புலார் ஒக்தாவின் முதுகில் தட்டினார். "யோவ், சாவு வீட்டுலகூட உன் குசும்பு போகலையே. திங்கட்கிழமை வேலைக்கு வந்து சேரு."

ஒக்தாவ் படத்தையே பார்த்தார். "நேத்து நான்தானே தொட்டேன். செத்த பொண்ணு பக்கத்துலயே என் கை இப்படிப் பண்ணியிருக்கு."

"விடுங்க, கை அதுக்குத் தெரிஞ்சதைத்தானே செய்யும்" என்றேன்.

அதன்பின் எத்தனை மூக்குகள், எத்தனை மேசைவிரிப்புகள். தூரிகையை அவர் தொடவேயில்லை. ஒதெத்தின் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தனக்கு அருகதை இல்லையாம். போன இலையுதிர்காலத்தில் அவரை மகளுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். கடைசிவரை நான் வாய் திறக்கவில்லை. நன்றாகப் போகும் வேலையை எதற்குக் கெடுப்பது?

அன்று கண்காட்சியிலிருந்து வந்ததும் அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நெடுநேரம் சத்தம் கேட்டது. நான் இந்தப் பக்கம் மைப்புட்டியைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்கத்தான் செய்தார். அவர் சிரிப்பு எனக்குத் தெரியாதா?