தொட்டி வாயை மறித்தது குறித்து எஸ்லின் சொன்னது

என் பெயர் எஸ்லின், வயது 34, கணவர் பெயர் ஸ்டீவ். குருபரப்பள்ளி, மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். சூளகிரிப் பக்கம் மிதவைக் கப்பல்களைக் கட்டி, பழுதும் பார்த்துக் கொடுக்கும் கம்பெனியில் சேஃப்டி பிரிவில் வேலை செய்கிறேன். தொட்டிக்குள் ஆள் இறங்கும்போது அதன் வாயில் நின்று அவரைக் கவனிப்பது என் வேலை.

கடந்த திங்கட்கிழமை காலை, கடற்கரையிலிருந்து டிரெய்லரில் வந்திருந்த பழைய மிதவையின் அடித்தொட்டியைத் துரு சுரண்டுவதற்காகத் திறந்தோம். பல வருடம் மூடிக் கிடந்த இரும்புத் தொட்டியில் துருவே காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், ப்ளோவர் வைத்துக் காற்றடித்த பிறகுதான் இறங்க வேண்டும். ப்ளோவர் அடுத்த ஷெட்டில் இருந்தது. சூப்பர்வைசர் ஆனந்த், "ப்ளோவர் வரட்டும், அதுக்குள்ள ஒரு எட்டு இறங்கி எவ்ளோ துருன்னு பாத்துட்டு வாப்பா" என்று துரு சுரண்ட வந்திருந்த முனிவேலிடம் சொன்னார். நான் வேண்டாம் சார் என்றேன். அவர் போனில் பேசிக்கொண்டே போய்விட்டார். முனிவேல் சட்டைப் பையில் இருந்த வேர்க்கடலையை என் கையில் கொடுத்துவிட்டு ஏணியில் இறங்கினார்.

அதன் பிறகு, அடியில் கால் வைத்தவர் களைத்துப்போனவர் போல உட்கார்ந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். அண்ணா என்று கூப்பிட்டும் பதில் இல்லாததால் விசில் ஊதிக் கத்தினேன். வெல்டிங் செய்துகொண்டிருந்த அவருடைய தம்பி மதுரைவீரன் ஓடி வந்து நேராகத் தொட்டி வாயில் காலை விட்டார். நான் அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, வாயின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். அவர் என் முடியைப் பிடித்து இழுத்து, "விடுக்கா, எங்கண்ணன் உள்ள இருக்கான், விடு" என்று கத்தினார். கீழே அவர் கொண்டுபோன விளக்கின் வெளிச்சத்தில் முனிவேலின் மார்பு ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. "மூச்சு இல்லடா, போயிட்டாருடா" என்று பொய் சொன்னேன். அவர் பிடி தளர்ந்தது. நான் படுத்திருக்கும்போதே கீழே அந்த அசைவும் நின்றது. அதையும் பார்த்தேன்.

அதன் பிறகு ப்ளோவர் வந்து, முகமூடி போட்ட ஆள் இறங்கி, முனிவேலைக் கயிறு கட்டி மேலே ஏற்றி, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில், இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் தளி அருகே உள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். முனிவேலின் மனைவி காவேரியும் இருந்தார். மதுரைவீரன், "அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அண்ணனுக்கு மூச்சு இருந்துச்சா?" என்றார். இருந்தது என்றேன். காவேரி எழுந்து உள்ளே போய்விட்டார். மதுரைவீரன் என் செருப்பை எடுத்துத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். அதன் பிறகுதான், நான் மறித்ததால்தான் அண்ணன் செத்தார் என்று ஸ்டேஷனில் என்மேல் இந்தப் புகார் கொடுத்திருக்கிறார்.

நேற்று ஆனந்த் என் வீட்டுக்கு வந்து, முனிவேல் யாரும் சொல்லாமல் தானாகவே இறங்கினார் என்று நான் சொன்னால், புகார் என்மேல் நிற்காமல் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. இறங்கச் சொன்னவர் ஆனந்த். மறித்தது நான். மதுரைவீரன் புகாரில் பொய் இல்லை. மறித்ததில் அவராவது பிழைத்தார்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) எஸ்லின்