மருந்து கலந்த திருநீறு

கொசுவைப் போலச் சுத்தமான பிராணி கிடையாது என்று நான் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்களும் சிரிக்கலாம். சாக்கடையில் பிறந்து, அங்கிருக்கும் அத்தனை கிருமியையும் விழுங்கி வளர்ந்து, ஒரு நாள் சிறகை உலர்த்திக்கொண்டு பறந்து போகிறதே, அதற்கு ஏன் சீக்கு வருவதில்லை என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும்.

செவந்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் சேவுகனைத் தானே கொன்றுவிட்டதாக உங்களிடம் சொன்னாளாம். அது சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் பெயர் ரத்தினவேல். திருக்கோகர்ணத்தில் ஒரு வாடகை வீட்டில் நடக்கும் கொசு ஆராய்ச்சிக் கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. சேவுகன் அங்கே பியூன். கூண்டுக்குள் கையை நுழைத்துக் கொசுக்களுக்கு ரத்தம் கொடுப்பதும் அவன்தான். “கடிக்கட்டுங்கய்யா, அதுகளும் வயித்துப்பாட்டுக்குத்தானே அலையுது” என்பான். நல்ல மனிதன். எனக்கு அவனைப் பிடிக்கும்.

நம் கண்ணீரிலும் முட்டையின் வெள்ளைக் கருவிலும் கிருமியைக் கரைக்கிற ஒரு பொருள் இருக்கிறது. லைசோசைம் என்று பெயர். கொசுவின் உடம்பிலும் அது இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. கொசுக்களை நசுக்கி, வடிகட்டி, கிருமி வளர்த்த தட்டில் ஒரு சொட்டு விட்டேன். மங்கலாக இருந்த இடம் வட்டமாகத் தெளிந்து கண்ணாடி தெரிந்தது. அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பட்டணத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி தட்டைப் பார்த்துவிட்டு, “மனுஷனுக்குப் போட்டுப் பார்த்தீரா, இல்லை கொசுவுக்கே வைத்தியம் பண்ணப் போகிறீரா?” என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கேள்வி நியாயமானதுதான்.

போன வருஷம் சேவுகன் மகளுக்கு அம்மை போட்டு, குழந்தை பிழைத்துக்கொண்டது. பங்குனித் திருவிழாவில் அலகு குத்திக்கொள்வதாக அவன் மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தான். உங்களுக்குத் தெரியாததில்லை. கன்னத்தில் குத்திய அலகை உருவியதும் புண்ணில் திருநீறு வைத்து அமுக்குவதோடு சரி. டாக்டரிடம் போனால் அம்மனை நம்பவில்லை என்றாகிவிடும். வேறு எந்த மருந்தும் குறுக்கே வராத புண் அது. அப்படியொரு புண் லேசில் கிடைக்காது.

விழாவுக்கு முன்னால் அலகைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தான். “ஒங்க கையால சுத்தம் பண்ணிக் குடுங்கய்யா. நீங்க கொதிக்க வச்சா ஒரு தூசி நிக்காது.” கொதிக்க வைத்தேன். அது உண்மை.

விழா முடிந்த மறுநாளே கன்னம் வீங்கியது. கொசுச் சாற்றை உலர்த்தித் திருநீற்றில் கலந்து பொட்டலமாகக் கொடுத்தேன். “இதில மருந்து இருக்கு. வெளிய பாக்கிறவங்களுக்குத் திருநீறுதான்” என்றேன். சேவுகன் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டான். தினமும் பூசிவிடச் செவந்தியிடம் சொன்னேன்.

காய்ச்சல் கண்ட பிறகு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். “தாங்கலைங்கய்யா. ஆசுபத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கிறேன். ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

“போ சேவுகா, யாரு வேணாங்கிறா? எந்தப் பிள்ளைக்காக நேந்துக்கிட்டியோ, அதுக்குத் திரும்ப அம்மை வந்தா என்கிட்ட வந்து அழாத” என்றேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அவனுக்கு உண்டு. திரும்பிப் போய்விட்டான். பென்சிலின் என் பீரோவிலேயே இருந்தது. அதைப் போட்டிருந்தால் எந்த மருந்து குணப்படுத்தியது என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

வீக்கம் கண்வரை ஏறியது. பிறகு அவனுக்கு மகளையே அடையாளம் தெரியவில்லை. முந்தாநாள் இறந்துபோனான்.

அலகைக் கொதிக்க வைத்த பிறகு என்ன செய்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. அலகுப் புண் சாதாரணமாகச் சீழ் வைக்காது. சீழ் வைக்காத புண்ணில் மருந்துக்கு என்ன வேலை? ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து நான் வளர்த்த கிருமி கையில் இருந்தது. அலகை ஆறவிட்டு, அந்தக் கிருமியை அதன் நுனியில் தடவி, அதே துணியில் சுற்றிக் கொடுத்தேன். முன்பு தட்டில் கரைந்தது வேறு கிருமி, காற்றில் திரிகிற சாது. ஆனாலும் இரண்டும் கிருமிதானே.

சுடுகாட்டிலிருந்து நான் திரும்பியதும் செவந்தி என் காலில் விழுந்தாள். “நீங்க குடுத்ததப் பூசலைங்கய்யா. ஆத்தாவுக்கு ஆகாதுன்னு பயந்து அரளித் தூர்ல கொட்டிப்புட்டேன். கோயில் திருநீறத்தான் வச்சேன். பூசியிருந்தா பொழச்சிருப்பாரு. நாந்தாங்கய்யா கொன்னுட்டேன்.”

மறைக்காமல் சொல்கிறேன். சேவுகன் இறந்ததிலிருந்து என் நெஞ்சில் ஒரு பாரம் இருந்தது. அவள் சொன்னதும் அது இறங்கிவிட்டது. என் மருந்து அவன் புண்ணில் படவே இல்லை. அப்படியென்றால் அது தோற்கவும் இல்லை. அவளிடம் நான் ஒன்றும் பேசவில்லை. அவள் நேரே இங்கே வருவாள் என்று நினைக்கவில்லை.

இவ்வளவையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். செவந்தியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. என் வேலையைக் கெடுத்தவள்தான். ஆனால் படிக்காதவள், தெரியாமல் செய்துவிட்டாள். நான் அவளை மன்னித்துவிட்டேன்.