மூன்றாம் குளத்துப் பம்புகள்

— ‘மார்ச் ஒன்பது, காலை ஆறு நாற்பது. கழிவுநீர் நிலையம், மூன்றாம் குளம். பதினோரு பறவைகள் மிதந்தபடி ஒரே இடத்தில் சுற்றுகின்றன. தண்ணீரில் விஷம் இருக்கலாம்.’ பதிவேட்டுல இப்படித்தான் எழுதினேன், அண்ணி.

— எழுதி?

— ஆபீசுக்கும் சொல்லிட்டேன். பத்து மணிக்கு வால்வைத் திறந்து குளத்தை வடிச்சுட்டு, சுண்ணாம்பு கொட்டச் சொல்லிட்டாங்க. சாவி என் கையிலதான்.

— அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?

— பறவை எண்ணுறது உங்க வேலையாச்சே. செத்தா இன்னதுன்னு பேர் எழுதணும்ல.

— நல்லா எழுதுவீங்க. முதல்ல இந்த பைனாகுலரைப் பிடிங்க தம்பி.

— பம்பரமாட்டம் சுத்துது. பாவமா இருக்கு.

— தலை தொங்குதா?

— இல்ல. சுத்துக்கு ஒரு கொத்து கொத்துது.

— விஷம் ஏறினது இவ்வளவு பசியாவா கொத்தும்? இது உள்ளான் வகை. மத்த உள்ளானெல்லாம் கரைச் சேத்துல அலகை விட்டுத் துழாவும். இது நீந்திக்கிட்டே தின்னும். காலைப் பாருங்க.

— உதைக்குது. மேல் தண்ணியை வெளிய தள்ளுது. இருங்க, அப்படித் தள்ளினா நடுவுல காலியாகும். அதை நிரப்ப அடித் தண்ணி ஏறி வரணுமே.

— வருது. அடியில கிடக்கிற பூச்சியையும் கூட்டிக்கிட்டு வருது.

— இருபத்திரண்டு வருஷமா நான் மோட்டார் போட்டு இழுக்கிறதை, இது கைப்பிடியளவு உடம்பை வச்சுக்கிட்டு இழுக்குது.

— இன்னும் கேளுங்க. பூச்சி இருக்கிற துளியை அது உறிஞ்சறதில்ல. அலகு நுனியைத் திறந்து திறந்து மூடுது. துளி தானா அலகு வழியா ஏறி வாய்க்குப் போயிடுது.

— கீழ குனிஞ்சிருக்கிற அலகுல, மேல் நோக்கியா?

— மேல் நோக்கித்தான்.

— கொஞ்ச நேரம் பேசாம இருங்க அண்ணி. பார்த்துக்கறேன்.

— மணி ஒன்பது ஐம்பது தம்பி.

— தெரியுது.

— போன வருஷம் மீட்டர் அளவைத் தப்பா எழுதினப்பவே, இன்னொரு தப்புன்னா பம்ப் அறைப் பக்கமே வரக்கூடாதுன்னாங்களாம். உங்க அண்ணன் சொன்னார். நான் வேணா பேசட்டுமா?

— கையெழுத்து என்னுது. போனைக் குடுங்க. ஆபீசா? மூணாம் குளத்து ஆபரேட்டர் பேசறேன். வால்வைத் திறக்கலை சார். விஷமெல்லாம் இல்ல, பறவைங்க சாப்பிட்டுக்கிட்டிருக்கு. ஆமா, நான்தான் தப்பா எழுதிட்டேன். குளத்தை விட்டுடறீங்கல்ல? சரி சார். சாவியை மத்தியானம் கொண்டுவந்து குடுத்துடறேன்.