சோமசேகரத்தின் ரொயோட்டா

இப்போது வாகனம் வாங்க வருகிறவர்கள் பொனற்றைத் திறந்து இன்ஜினைப் பார்ப்பதே இல்லை. கதவைச் சாத்திச் சத்தம் கேட்கிறார்கள். சீற்றை அமத்திப் பார்க்கிறார்கள். பாட்டுப் போடலாமா என்று கேட்கிறார்கள். கையில் கிறீஸ் படாதவனோடு வாகனக் கதை கதைத்துப் பயனில்லை.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. இறக்கக்கண்டியில் வீட்டோடு வாகனம் திருத்தும் கராச். வேலை பழகியது வில்லிஸ் ஜீப்பில். எளிய வண்டி, ஆனால் இரும்பு உடம்பு. கடற்காற்று தின்றுவிடும். லாண்ட்றோவருக்கு அலுமினிய உடம்பு, அந்தத் தொல்லை குறைவு. என் லாண்ட்றோவரை லிங்கநகரில் பழைய இரும்போடு கிடந்த வெறும் சேசிஸ் சட்டத்திலிருந்து நானே கட்டினேன். அது முதன்முதல் ஸ்டார்ட் ஆன அன்றுதான், மனைவி கனகமணி செத்த பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். கைவேலை மனிதனுக்குத் தருவது அதுதான்.

சண்டைக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து பட்டின ஆஸ்பத்திரிக்கு நோயாளி ஏற்ற ஒரு வாகனத்துக்குத்தான் இராணுவத்தார் பாஸ் கொடுத்தார்கள். எந்த வாகனம் என்று ஊர்ச்சபை சொல்லும். என்னுடையதுதான் ஓடியது. பிறகு சோமசேகரம் ஒரு ரொயோட்டா ஜீப் கொண்டுவந்தான். சபை கூடியது. வயிற்றுப் பிள்ளைக்காரி குணேஸ்வரி என்னைக் காட்டி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"காசியண்ணையின்ர வண்டியில ஏத்தினா பிள்ளை பாதி வழியில நிலாவெளியிலயே குதிச்சிடும். பிறகு ஆஸ்பத்திரி என்னத்துக்கு?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாஸ் ரொயோட்டாவுக்குப் போனது.

கொஞ்சக் காலத்தில் சோமசேகரம் அதை என்னிடமே பிரேக் பார்க்கக் கொண்டுவந்தான்.

"ஜப்பான்காரிக்குக் கிழவன்ர கை எதுக்கடா?" என்று கேட்டேன்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. உங்கட கை பட்டாத்தான் நான் பயமில்லாமல் ஓடுவன்."

பகல் முழுக்க அதன் அடியில் கிடந்து குறை தேடினேன். ஸ்பிரிங், அச்சு, ஸ்டியறிங், எல்லாம் தொட்டுப் பார்த்தேன். நல்ல வண்டி. என்னுடையதை விட நல்ல வண்டி. அது தெரிந்ததும் உடம்பெல்லாம் அலுத்துப்போனது. குறை ஒன்றும் கையில் தட்டுப்படாதபடியால் நானே ஒன்றை வைத்தேன்.

அப்போது பிரேக் ஒயிலுக்குத் தட்டுப்பாடு. என்னிடம் ஒரு போத்தல் இருந்தது. அதை எடுக்கவில்லை. இன்ஜின் ஒயிலை ஊற்றினேன். அது பிரேக்குக்குள் போனால் றப்பர்கள் ஊதி இளகும். முதலில் நன்றாகப் பிடிக்கும். சில நாள் போக, ஒரு தடவை பிடிக்காது. எந்தத் தடவை என்று சொல்ல ஏலாது. ஆனால் அந்த வீதியில் பிரேக்கை அழுத்தி மிதிக்கிற இடங்கள் இராணுவம் வாகனம் மறித்துப் பார்க்கிற சென்றிகள்தான். சென்றிக்கு முன்னால் வீதியில் கீறிய கோட்டில் நிற்காமல் வரும் வாகனத்தை என்ன செய்வார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

வண்டியில் ஊருக்கு நம்பிக்கை கெட்டால் பாஸ் திரும்பி வரும் என்று நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

குணேஸ்வரிக்கு விடியப்புறம் வலி கண்டது. ரொயோட்டா சென்றிக் கோட்டில் நிற்கவில்லை. சுட்டார்கள். அவளின் உடலையும் சோமசேகரத்தின் உடலையும் என் லாண்ட்றோவரில்தான் ஊருக்கு ஏற்றி வந்தேன். வழியில் ஒரு இடத்திலும் அது மணலில் புதையவில்லை.

பாஸை என்னிடம் திருப்பித் தரச் சபை கூடியபோது நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்து வைத்திருக்க இந்த வயதில் பலம் இல்லை. சோமசேகரத்தின் பெண்சாதி இராசமலர் கேட்டாள்.

"உங்களை நம்பித்தானே அண்ணை அவர் வண்டியைத் தந்தவர்?"

"ஓம் பிள்ளை. நம்பித்தான் தந்தவன்." மற்றவர்களைப் பார்த்துச் சொன்னேன்: "அண்டைக்கே பாஸை என்னட்ட விட்டிருந்தா இந்த உசிருகள் போயிருக்குமோ? சொல்லுங்கோ பாப்பம்."

எழுந்து வெளியே வந்தேன். பின்னால் இராசமலர் அழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ரொயோட்டா வேண்டும் என்று கை உயர்த்தியவர்கள் அவர்கள். நான் பிரேக் மட்டும்தான் பார்த்துக் கொடுத்தேன்.