கரண்டு வந்தபின் பத்து நிமிடம்

அளந்து பேசி, அளவின்றி உழைத்து, இன்று ஓய்வுபெறும் கருவிக் காப்பாளர் ஜெபமணி அம்மையீர்!

இம்மடலில் உள்ளவை நடந்தபடியே உள்ளனவா என்று எங்களுக்கு உறுதியில்லை. நடந்த மாதம்கூடப் புரட்டாசி என்பார் ஒருவர், ஐப்பசி என்பார் மற்றொருவர். தங்களிடம் கேட்டாலோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள். எனவே எங்கள் நினைவில் நின்றதையே அவையோருக்குச் சொல்கிறோம்.

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள இந்த வேளாண் வானிலை நிலையத்தில் ஜெபமணி இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றினார். இலைகள் எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தன என்பதை இங்குள்ள கருவி அளந்து, தபால்தலை அளவுள்ள மெமரி கார்டில் எழுதும். ஈரம் நீடித்தால் அடிச்சாம்பல் நோய் வரும். மருந்து அடிக்கலாமா என்பதை அந்தப் பதிவைப் பார்த்தே அவர் விவசாயிகளுக்குச் சொல்வார்.

2008இல் மின்வெட்டு மிகுந்தது. எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணையை எழுதும்போது மின்சாரம் நின்றால், கார்டிலுள்ள அத்தனை பதிவும் போய்விடும். அப்படிப் போன ஒரு நாளில் திராட்சை விவசாயி சுருளியாண்டி யோசனை கேட்டு வந்தார். பதிவு இல்லை என்று சொல்லத் தயங்கிய ஜெபமணி, வானத்தைப் பார்த்து, மருந்து வேண்டாம் என்றார். நோய் தாக்கித் தோட்டம் கருகியது.

சுருளியாண்டி சத்தம் போடவில்லை. “உங்க மிசினை நம்பித்தேன் இருந்தேம்மா. இன்னொரு வெள்ளாமை இப்படிப் போச்சுன்னா, கொடிய வெட்டிட்டு வாழை போட்டுருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருவியின் பேட்டரியை மாற்றிப் பார்த்தோம். நீண்ட மின்வெட்டில் அதுவும் தீர்ந்தது. ஜெபமணி மட்டும் நோட்டும் கையுமாகக் கருவியின் அருகே நாள்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கண்டுகொண்டார். கரண்டு போகும்போது கார்டு கெடவில்லை, வரும்போதுதான் கெட்டது. கிணற்றுக்கு நடக்கச் சோம்பி விவசாயிகள் எல்லாரும் மோட்டாரைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தார்கள். கரண்டு வந்ததும் சுற்றுவட்டார மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும், மின்னழுத்தம் இறங்கிப் பல்பு மங்கும், அப்போதுதான் விழித்து எழுதத் தொடங்கிய கருவி பாதியில் அணைந்துபோகும்.

கணினி இயக்குநர் விஜயபாண்டியை வைத்துக் கருவியின் நிரலை மாற்றச் செய்தார். கரண்டு வந்தபின் பத்து நிமிடம் கார்டைத் தொடக் கூடாது. பழைய பதிவின் மேல் எழுதாமல் பக்கத்தில் புதிதாக எழுத வேண்டும்; எழுதியதைப் படித்துச் சரிபார்த்த பிறகே பழையதை அழிக்க வேண்டும்.

“கரண்டுதேன் வந்துருச்சுல்ல, இன்னும் யாருக்கும்மா காத்துக்கிட்டு இருக்கீக?” என்று விஜயபாண்டி கேலி செய்தார்.

“பத்து நிமிசப் பதிவு போனாப் போகுதுப்பா. கார்டுல இருக்குற நாப்பது நாளுப் பதிவு போகக்கூடாது” என்றார் ஜெபமணி.

மறு ஆண்டு மழைக்காலத்தில் ஒரே நாளில் நான்கு முறை கரண்டு போனது. ஏற்கெனவே எழுதிய பதிவு ஒரு வரி குறையாமல் இருந்தது; இலை ஈரம் நீடித்ததையும் அது காட்டியது. ஜெபமணி தாமே சுருளியாண்டியின் தோட்டத்துக்கு நடந்தார். இன்றே மருந்து அடிக்கச் சொன்னவர், சற்று நின்று, “போன வருசம் வேண்டாம்னு சொன்னது மிசின் இல்ல. நாந்தேன்” என்றார்.

சுருளியாண்டி மருந்துத் தெளிப்பானை எடுத்து வைத்தார். பிறகு, “தெரியும்மா. வானத்தைப் பாத்துட்டுல்ல சொன்னீக” என்று சொல்லிவிட்டு மருந்து கலக்கப் போனார்.

இதை மட்டும் மறைக்காமல் மடலில் சேர்க்கச் சொன்னவரும் ஜெபமணியே.

அம்மையீர்! தங்கள் உடல் நலிவறியாது இருக்கட்டும். தங்கள் மௌனத்துக்கு இனியாவது ஓய்வான பொழுதுகள் வாய்க்கட்டும்.

சுருளியாண்டியின் பந்தலில் இன்றும் திராட்சைக் கொடிதான் படர்ந்திருக்கிறது. விஜயபாண்டி அடுத்த மாதம் மாறுதலாகிக் கோம்பைக்குப் போகிறார். தாங்கள் நாளை முதல் ராயப்பன்பட்டியில் மகள் வீட்டில் இருப்பீர்கள். கருவி இங்கேயே இருக்கும்; கரண்டு வந்தபின் பத்து நிமிடம் காத்திருக்கும்.

இவண்,
நிலையப் பணியாளர்கள்
சுருளிப்பட்டி, 30.6.2010