டிரைவர் ஐயா வீட்டுச் சாவி

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் சார். காற்று நேராகப் பட்டால் எனக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும். டீ வேண்டாம், இப்போதுதான் குடித்தேன். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நான் மேற்பார்வையாளராகவே பிறந்தவள் இல்லை. எழுந்து நடமாட முடியாதவர்களை வீடு தேடிப் போய்க் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றிவிடும் வேலையைத்தான் நானும் வருஷக்கணக்கில் செய்தேன். ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு வெயிலில் ஓடுவேன். அந்த ஓட்டத்துக்கு யாரும் கூலி தந்ததில்லை. நானும் வாய் திறந்ததில்லை. திறக்காததால்தான் என்னை ஆபீஸில் உட்கார வைத்தார்கள்.

ஆகவே, வீட்டுக்கு வீடு போகிற நேரத்துக்கும் கூலி வேண்டும் என்று பெண்கள் கிளம்பியபோது எனக்கு வயிறு எரிந்தது. முன்னால் நின்றவளுக்கு வக்கீலம்மா என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். ஒரு காலத்தில் என்னோடு சேர்ந்து வேலை பார்த்தவள். கனத்த நோயாளிகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறோம்.

"அக்கா, நாங்க ஓடுற ஓட்டமும் வேலைதானே? பஸ்ஸுல ஏறி ஊர் சுத்திப் பாக்கவா போறோம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் ஓடலையா?" என்று கேட்டேன்.

"ஓடுனீங்க. உங்களுக்கும் சேத்துத்தான் இப்ப கேக்குறோம்."

அந்தப் பதிலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேலைநிறுத்தம் தொடங்கிய காலையில் அவள் மட்டும் ஆபீஸுக்கு வந்தாள். "டிரைவர் ஐயா வீட்டுச் சாவியக் குடுங்கக்கா. மத்தவங்களுக்கு வீட்டுல ஆளுங்க இருக்காங்க. இவரு பாவம், ஒண்டி. நான் சும்மாவே போய்ப் பாத்துட்டு வந்துடுறேன்."

டிரைவர் ஐயா ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாடி வீட்டில் தனியாக இருந்தார். வாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறல்தான். ஒரே மகள் வெளியூரில். காலையும் மாலையும் எங்கள் ஆள் போனால்தான் அவருக்குத் தண்ணீர்.

"வேற ஆள் போயாச்சு. நீ உன் போராட்டத்தைப் பாரு" என்றேன். அவள் முகம் தெளிந்தது. "நல்லதாப் போச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யாரையும் அனுப்பவில்லை. நிர்வாகம் ஏற்கெனவே இறங்கிவர ஆரம்பித்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகாமலிருந்தால் அவர்கள் கேட்டது கிடைத்துவிடும். ஆகவே யாருக்காவது ஏதாவது ஆக வேண்டியிருந்தது. டிரைவர் ஐயா மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. நல்ல மனிதர். நிதானமாக யோசித்துத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

மாலையில் மகள் கூப்பிட்டாள். "அப்பா போனே எடுக்கலையே, மேடம்?"

"இப்பத்தாம்மா சாப்பிட்டுக் கண்ணசந்தாரு. எழுப்ப வேணாம்."

"உங்கள நம்பித்தான் நிம்மதியா இருக்கேன்" என்றாள். தங்கமான பெண்.

மூன்றாம் நாள் காலை நானே வக்கீலம்மாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தேன். அனுப்பிய ஆள் சொல்லாமல் நின்றுவிட்டதாகச் சொன்னேன். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். அவள் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. செத்துக் கிடந்தவரின் காலைக் கட்டிக்கொண்டு போராட்டக்காரி அழுதால் ஊர் என்ன பேசும்? நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதியம் வந்திறங்கிய மகள் அவளை அறைந்தாள். அவள் தடுக்கக்கூட இல்லை. மறுநாளே பெண்கள் பழைய கூலிக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள். யாரும் தலை நிமிரவில்லை. ஆபீஸ் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

கீழ் வீட்டுக்காரர் என்னை மாடிப்படியில் பார்த்ததாகச் சொன்னார் என்கிறீர்கள். பார்த்திருப்பார். அது இரண்டாம் நாள் மதியம். சாவி என் கையில்தான் இருந்தது. உள்ளே அவர் இடது கையால் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தார். என் காலடி கேட்டதும் வேகமாகத் தட்டினார். கதவைத் திறந்தால் எல்லாம் பாழாகிவிடும். அதனால் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு மெலிந்தது. இருட்டும் நேரத்தில் நின்றுபோனது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். கடைசிவரை அவரைத் தனியாக விடாமல் பக்கத்திலேயே இருந்தவள் நான் ஒருத்திதான். அதற்காக யாரிடமும் கூலி கேட்கவில்லை.