பத்திரப்பதிவுக்கு மூணாவது தேதி

டீச்சர்: இது கோபமா? மருந்துக் கடையில தலைவலி மாத்திரை கேக்குற மாதிரி இருக்கு. அடிவயித்துலேருந்து வரணும். எங்க, இன்னொரு தடவை.

நூலகர்: "எங்களை என்னன்னு நெனச்சீங்க?"

டீச்சர்: கடைசியில "தம்பி"ன்னு முணுமுணுத்தீங்களே, அது எதுக்கு?

நூலகர்: ஒரு மரியாதைக்கு...

டீச்சர்: திட்டும்போது என்னங்க மரியாதை?

நூலகர்: முப்பத்திரண்டு வருஷம் லைப்ரரியில உக்காந்து "சத்தம் போடாதீங்க"ன்னு சொன்ன வாய் இது. அதையும் மெதுவாத்தான் சொல்லணும். நீயே திட்டிடேன். ஸ்கூல் வராண்டாவுல நீ நடந்தா மரத்துல இருக்குற காக்காகூட வரிசையில நிக்கும்.

டீச்சர்: நானும் திட்டத்தான் போறேன். ஆனா நான் தொண்டை கிழியக் கத்தி, நீங்க பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நின்னா அவனுக்குச் சந்தேகம் வராதா? வீட்டை வாங்குறேன்னு வந்தவன் ரெண்டு தடவை பத்திரப்பதிவைத் தள்ளிப் போட்டுட்டான். இன்னைக்கு மூணாவது தடவை கேக்க வர்றான். விக்கிறவங்க நாம குதிக்க வேண்டாமா?

நூலகர்: அவர் தள்ளிப் போட்டா நமக்குச் சந்தோஷம்தானே...

டீச்சர்: மெதுவா! ஜன்னல் திறந்திருக்கு.

நூலகர்: இப்பத்தானே சத்தமாப் பேசச் சொன்னே?

டீச்சர்: கோபத்தைச் சத்தமா. உண்மையை மெதுவா.

நூலகர்: நேராவே சொல்லிட்டா என்ன? "தம்பி, நாங்க போகப்போற அடுக்குமாடியில கட்டடவேலை இன்னும் முடியலை, எங்களுக்கும் டைம் வேணும்"னு...

டீச்சர்: சொல்லலாம். "எங்க புது வீடு பளிங்கு மாதிரி தயாரா இருக்கு, பாதி நாள் அங்கதான் இருக்கோம்"னு அக்ரிமெண்ட் போட்ட அன்னைக்கு ஜம்பம் அடிச்சது யாரு?

நூலகர்: நீ.

டீச்சர்: அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு மாத்திப் பேசுறது? இங்க பாருங்க. பதிவு அன்னைக்கே சாவியைக் கொடுக்கணும்னு அக்ரிமெண்ட்ல இருக்கு. மேஸ்திரி இன்னும் ஒரு மாசம்னு அடிச்சுச் சொல்றான். அதனால நாம திட்டுறோம். அவன் பயப்படுறான். "இழுத்தடிச்சதுக்கு அபராதமா, பதிவு முடிஞ்சும் ஒரு மாசம் நாங்க இங்கேயேதான் இருப்போம்"னு ஒரே போடு. எப்படி?

நூலகர்: கணக்கு சரி. நியாயம்தான் எங்கேயோ இடிக்குது.

டீச்சர்: பெல் அடிக்குது! மூஞ்சியை இறுக்குங்க... ஐயோ, இது வயித்துவலி மூஞ்சிங்க!

தம்பி: வணக்கம் டீச்சர். வணக்கம் சார். வரலாமா?

நூலகர்: எங்களை என்னன்னு... வாங்க தம்பி, உக்காருங்க.

டீச்சர்: க்கும்!

நூலகர்: உக்காராதீங்க!

தம்பி: சார்?

நூலகர்: இல்ல... அந்த அட்டைப்பெட்டியில உக்காராதீங்க. "உடையும்"னு எழுதியிருக்கு பாருங்க. இப்படி வாங்க. இது துணிப்பெட்டி, மெத்துன்னு இருக்கும்.

தம்பி: சோபா, நாற்காலியெல்லாம்...

டீச்சர்: அஞ்சு வாரமா கயித்துல கட்டிக் கிடக்கு. கரண்டி எந்தப் பெட்டியில போச்சுன்னு தெரியாம ஸ்கேலை வெச்சு அடுப்புல கிளறிக்கிட்டு இருக்கேன். எல்லாம் உங்க புண்ணியம்! சொல்லுங்க, இன்னைக்கு என்ன காரணம்?

தம்பி: பேங்க்லதான் டீச்சர்... லோன் மேனேஜருக்கு மாத்தலாயிடுச்சு. புதுசா வர்றவர் முதல்லேருந்து பாக்கணுமாம். ஒரு... மூணு வாரம்...

டீச்சர்: முதல் தடவை, வீட்டை மதிப்புப் போடுற ஆள் லீவு. ரெண்டாவது தடவை, உங்க கையெழுத்து ஒத்துப்போகலை. இப்ப மேனேஜர். என் வகுப்புல வீட்டுப்பாடம் எழுதாத பையன்கூட அவன் தாத்தாவைப் பரீட்சைக்கு ஒரு தடவைதான் சாகடிப்பான்!

தம்பி: மன்னிச்சுக்குங்க டீச்சர்...

டீச்சர்: என்னங்க, நீங்களும் ரெண்டு வார்த்தை கேளுங்க!

நூலகர்: கேக்குறேன். தம்பி... டீயா, தண்ணியா?

டீச்சர்: கடவுளே!

தம்பி: தண்ணி போதும் சார்.

டீச்சர்: தண்ணி அப்புறம். இங்க பாருங்க தம்பி. இதுக்கு மேல எங்களால முடியாது. இந்த வீட்டை நேத்துகூட ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போனார்.

நூலகர்: யாரு?

டீச்சர்: ஒருத்தர்! உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

நூலகர்: ஆமா. எனக்கு ஞாபகம் இருக்காது.

டீச்சர்: ஆனாலும் பேச்சு மாறக் கூடாதுன்னு பாக்குறோம். மூணு வாரம் எடுத்துக்குங்க. அதுக்கு அபராதமா, பதிவு முடிஞ்சப்புறம் ஒரு மாசம் நாங்க இங்கேயே இருப்போம். சம்மதமா?

தம்பி: ஒரு மாசம் போதுமா டீச்சர்?

டீச்சர்: என்னது?

தம்பி: இல்ல... தப்பு என்னோடது. அபராதம்னா அழுத்தமா இருக்கட்டுமே. ரெண்டு மாசம் இருங்க.

நூலகர்: ரெண்டு மாசமா! ரொம்பத் தேங்க்...

டீச்சர்: என்னங்க!

நூலகர்: தேங்கி... தேங்கிக் கிடக்குது வேலை. பெட்டி கட்டுற வேலை.

தம்பி: கட்டி அஞ்சு வாரமாச்சுன்னாங்களே சார்?

நூலகர்: அதுல சிலதைப் பிரிச்சு மறுபடியும் கட்டணும். கரண்டி தேடணும்.

தம்பி: ஒரு நிமிஷம் சார், வீட்டுலேருந்து போன்... சொல்லும்மா. ம்... கேட்டுட்டேன். உங்கப்பா மறுபடியும் ஃபேனை நிறுத்திட்டாரா?... பாப்பாவைப் பால்கனிப் பக்கம் படுக்க வையேன்... கொஞ்ச நாள்தான்... ஏய், அழக் கூடாது... வந்துடுறேன்.

டீச்சர்: உங்கப்பாவா? நீங்க இப்ப எங்க இருக்கீங்க?

தம்பி: மாமனார் வீட்டுல டீச்சர். முதல்ல குறிச்ச தேதியை நம்பி வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டோம். நானும் அவளும் பொண்ணும் ஹால்ல. மாமனார் கட்டிலும் ஹால்லதான். அவருக்குக் குளிர் ஆகாது, எங்களுக்குப் புழுக்கம் ஆகாது. ஃபேன் சுவிட்சுக்குத்தான் தினமும் சண்டை.

நூலகர்: பொண்ணுக்கு என்ன வயசு?

தம்பி: ஆறு. "நம்ம வீடு எங்கப்பா"ன்னு கேக்குறா. "வருது, வருது"ன்னு சொல்லி வெச்சிருக்கேன். வீடு பஸ் மாதிரி வரும்னு நெனச்சு பால்கனியில நின்னு பாத்துக்கிட்டு இருக்கா... சிரிக்காதீங்க சார்.

நூலகர்: சிரிக்கலை தம்பி.

டீச்சர்: என்னங்க... கண்ணைத் துடைங்க.

நூலகர்: போதும்! நிறுத்து!

டீச்சர்: என்னங்க, இப்படிக் கத்துறீங்க?

நூலகர்: கத்தத்தான் செய்வேன்! தம்பி, எழுந்திருங்க. நீங்க தலைகுனிஞ்சு உக்கார வேண்டாம். குனிய வேண்டியவங்க நாங்க. எங்க புது வீடு முடியலை. பளிங்குமில்ல, ஒண்ணுமில்ல. நீங்க ஒவ்வொரு தடவை தேதி தள்ளும்போதும் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டுக்கிட்டு, வெளியில உங்களைத் திட்டினோம். இன்னைக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடி அரைமணி நேரம் ஒத்திகையே பாத்தோம்!

டீச்சர்: என்னங்க, அதைப் போய்...

நூலகர்: நேத்து ஒருத்தரும் வரலை.

டீச்சர்: அது நான் சொன்ன பொய். ஒத்திகையும் என் யோசனைதான் தம்பி. ஒரு வார்த்தை பெருமையாச் சொல்லிட்டேன். அப்புறம் அதுலேருந்து இறங்கி வரத் தெரியலை. நாப்பது பசங்க பொய்யை ஒரே பார்வையில கண்டுபிடிச்சவ, என் பொய்யோட திண்டாடிட்டேன்... மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. பதிவு எப்ப நடந்தா நடக்கட்டும். நாளைக்குக் காலையில பொண்ணையும் அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு இங்க வந்துடுங்க. ஃபேன் நல்லாவே சுத்தும்.

தம்பி: டீச்சர், அதெல்லாம்...

டீச்சர்: வரச் சொன்னா வரணும். என்ன, அப்படியே நிக்குறீங்க? எங்களை நாலு வார்த்தை திட்டுங்களேன். இவ்வளவு கேட்டும் உங்களுக்குக் கோபமே வரலையா?

தம்பி: எப்படி வரும் டீச்சர்? முதல் தடவை சொன்ன காரணம்தான் நிஜம், அப்புறம் சொன்னது ரெண்டும் நான் கட்டிவிட்டது. லோன் வந்து பதினெட்டு நாளாச்சு. நல்ல சேதியை நேர்ல சொல்லலாம்னு, இங்க பூட்டியிருந்ததால உங்க புது வீட்டுக்கே வந்தேன். கதவைத் தட்டலாம்னா, அங்க கதவு இல்லை, அதை மாட்டுற சுவரும் இல்லை. செங்கல் குவியல் பக்கத்துல, உச்சி வெயில்ல, சார் மேஸ்திரியைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னார். அதைப் பாத்துட்டு, நீங்க என்னைப் பாக்குறதுக்குள்ள திரும்பிட்டேன். மறுநாள் போய் மேஸ்திரியைக் கேட்டேன். உங்ககிட்ட ஒரு மாசம்னு சொல்லி வெச்சிருக்கானாம். என்கிட்ட மூணுன்னான். பதிவு நடந்தா அன்னைக்கே சாவியைக் கொடுத்துட்டு ரெண்டு பேரும் எங்க போவீங்க? வீடு தயார்னு நீங்களே சொன்னப்புறம், இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது... அதான், பதிவுத் தேதியே வராம பாத்துக்கிட்டேன்.